தங்கவயல் மக்களும் பல்கலைக் கல்வியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் தமிழின் தொன்மையைப் பற்றியும் தமிழரின் பழம்பெருமையைப் பற்றியும் பேசுதல் நம் வழக்கம். யாமும் பன்முறை அவ்வாறே பேசியிருக்கிறோம். நீங்களும் பொறுமையுடன் கேட்டிருக்கிறீர்கள். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலக உங்கள் இசைவை வேண்டுகிறோம். சென்ற மே மாதத்தில் ஓர் அன்னையார் நம் சங்கத்திற்கு வந்து ஒரு வினாவைக் கேட்டார். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடித் தெரிந்துகொண்டவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அவருடைய மகள் பி.யூ.சி. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். வரலாறு படிக்க வேண்டும், அதுவும் பல துறைகளையும் ஒருங்கே கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்று அவள் உறுதியாக நின்றாள். அன்னையார் எம்மிடம், “ஐயா! சுரங்கத்தில் இறங்கியவருடைய பேத்தி வரலாறு படித்து என்ன செய்யப் போகிறாள்? அந்தப் படிப்பு சோறு போடுமா?” என்று கேட்டார். கேட்டவர் சினந்து கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அருகே நின்ற மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சில நாள் பொறுங்கள்” என்று மட்டுமே எம்மால் சொல்ல முடிந்தது. எம் நா எழாமற்போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமற் சொல்லிவிடுதலே முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே போன்றதொரு வினாவுடன் ஒரு தந்தையார் எம்மிடம் வந்தார். அவருடைய மகன் எந்நேரமும் ஏதேனும் ஒரு நூலும் கையுமாக இருப்பவன். கட்டுரை எழுதுவதில் வல்லவன். கணக்கில் அவனுக்கு நாட்டமில்லை. யாமோ, “பொறியியலில் சேருங்கள், பையன் பிழைத்துக்கொள்வான்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். வட்டிக்குக் கடன் வாங்கிச் சேர்த்தார்கள். இரண்டாண்டுகள் கழித்து, பாதிப் பாடங்களுக்கு மேல் தேறாத நிலையில், அவன் படிப்பை விட்டுவிட்டு வீடு திரும்பினான். கடன் மட்டும் தீரவில்லை. இப்போது பெங்களூரில் ஒரு கிடங்கில் இரவுக் காவல் புரிகிறான். இரயில் நிலையத்தில் எம்மைக் காணும்போதெல்லாம் அவன் வணக்கம் கூறுகிறான். யாம்தான் நிமிர்ந்து பார்க்க இயலாமல் நிற்கிறோம்.

பொறியியலை யாம் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டா. இங்கே தோன்றிய பி.இ.எம்.எல். தொழிற்சாலை எத்தனை குடும்பங்களுக்கு விளக்கேற்றியது என்பதை நாம் அறிவோம். இயந்திரத்தில் மனம் ஒன்றியவன் இயந்திரத்தைப் படிக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரே வாயில் வழியாகத் தள்ளுகிறோமே, அதைத்தான் எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். இந்த ஊரில் பிறந்த நமக்கு அதை எண்ணிப் பார்க்கப் பிறரைவிட மிகுதியான காரணம் உண்டு.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இங்கே வந்தார்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய தொழில், நாட்டுடைமையாகி, பாரத தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பெயரில் நடந்து, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு நின்றது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அஃது எண்ணப்பட்டது. அவ்வாழத்தில், வெப்பத்தில், பாறை வெடிக்குமோ என்னும் அச்சத்தில் நம் பாட்டனாரும் தந்தையரும் பெற்ற அறிவு சிறிதன்று. பாறை எழுப்பும் ஒலியைக் கேட்டே வரவிருக்கும் இடரை உணர்ந்தவர்கள் அவர்கள். மரம் எங்கே கொடுக்க வேண்டும், மருந்து எத்துணை இட வேண்டும் என்பது அவர்கள் கைகளுக்குத் தெரியும். ஆனால் சுரங்கம் மூடப்பட்ட மறுநாள் அந்த அறிவுக்கு மண்ணுக்கு மேலே விலை இல்லாமற்போயிற்று. அவர்களுடைய திறமையிலே குறை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தொழிலுக்கென்று அவர்களைப் பழக்கி, வேறொன்றையும் கற்க வாய்ப்பளிக்காமல் நூற்றிருபது ஆண்டுகள் வைத்திருந்தார்களே, குறை அங்கேதான் இருக்கிறது. சயனைடு மண்மேடுகள் இன்னும் நம் கண்ணெதிரே நிற்கின்றன. விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டியில் நம் இளைஞர் நெருக்கியடித்துக்கொண்டு பெங்களூருக்குச் செல்கின்றனர்.

இப்போது நம் பிள்ளைகளை மீண்டும் ஒரே தொழிலுக்கென்று பழக்குகிறோம். தொழிலின் பெயர்தான் மாறியிருக்கிறது.

இனி, அப்பெண் விரும்பிய கல்வி யாது என்று காண்போம். ஆங்கிலத்தில் இதனை ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்பர். இலத்தீன் மொழியில் ‘லீபர்’ என்றால் அடிமையல்லாத மனிதன். பண்டை உரோமாபுரியில் உரிமை பெற்ற குடிமகனுக்குரிய கலைகள் என்று சிலவற்றைக் குறித்தனர். பிற்கால ஐரோப்பியர் அவற்றை இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண் கணிதம், வடிவ கணிதம், வானியல், இசை என ஏழாக வகுத்தனர். அடிமைக்குக் கைத்தொழில், உரிமையாளனுக்குக் கலை என்பது அவர்கள் பிரிவு. பிரிவு கொடியதே. ஆயினும் அச்சொல்லில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு: பிறர் ஏவியதைச் செய்ய மட்டும் பயிற்றாமல், தானே எண்ணித் துணியப் பயிற்றும் கல்வி என்பதுதான் அது. தமிழில் இதற்குப் பெயர் தேடி அறிஞர் பலர் இடர்ப்படுகின்றனர். பல்கலைக்கழகம் என்னும் நம் சொல்லிலேயே பல கலை இருக்கும்போது பல்கலைக் கல்வி என்றே கூறிவிடலாம் என்பது எம் எண்ணம்.

இத்தகைய கல்லூரியில் சேரும் மாணவன் ஒரு துறையைத் தனக்கு முதன்மையாகக் கொள்வான். அஃது இயற்பியலாக இருக்கலாம், பொருளியலாக இருக்கலாம், மெய்யியலாகவும் இருக்கலாம். அதனுடன் பிற துறைகளிலும் சில பாடங்களைக் கட்டாயம் பயில வேண்டும். வரலாறு படிப்பவள் புள்ளிவிவரத்தைக் கையாளக் கற்பாள். உயிரியல் படிப்பவன் நாடகத்தில் நடிப்பான். வகுப்புகள் சிறியவை. ஆசிரியர் சொல்லுவதை எழுதிக்கொண்டு தேர்வில் அப்படியே ஒப்பித்தல் அங்கே செல்லாது. படித்து, வினவி, மறுத்து, எழுதிக் காட்டுதல் வேண்டும்.

இஃது அமெரிக்காவிலிருந்து நேற்று வந்து இறங்கிய சரக்கு என்று நம்மவர் நினைக்கிறார்கள். அமெரிக்கத் தொடர்பு உண்மைதான்; ஆனால் நேற்றன்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டிலேயே ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டேனியல் பூவர் அதன் முதல் தலைவர். சமயம் பரப்புதல் அவர்கள் நோக்கமாயினும், அங்கே தமிழும் ஆங்கிலமும் வடமொழியும், கணிதமும் வானியலும், தருக்கமும் வரலாறும் ஒரே கூரையின் கீழே கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. அடுத்த இரண்டாண்டில், புதிதாகப் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவர் யாவர்? சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

தாமோதரம் பிள்ளையைப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர் என்ற அளவில் நாம் போற்றுகிறோம். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர் அவர். அவருடைய வாழ்க்கையை வேறொரு கண்ணாலும் பார்க்க வேண்டும். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தார். ‘தினவர்த்தமானி’ என்னும் இதழை நடத்தினார். அரசாங்கத்தின் கணக்குத் துறையில் அலுவலராக உயர்ந்தார். சட்டம் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தார். ஓலைச்சுவடிகளோடு போராடியது இத்தனைக்கும் இடையிலே. ஒரே மனிதர் நான்கு தொழில்களைச் செய்ய முடிந்தது எவ்வாறு? கணக்கும் இலக்கணமும் ஒரே தலைக்குள் புகலாம் என்று அவருக்குக் கற்பித்தவர்கள் இருந்தார்கள்.

“அவர் நல்ல குடும்பத்தில் பிறந்தவர், நம்மைப் போன்ற சுரங்க மக்களுக்கு இது பொருந்துமா?” என்று யாரேனும் கேட்கலாம். கேட்க வேண்டிய வினாவே. விடையை அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கத்திலேயே காட்டுகிறோம்.

கார்ட்டர் ஜி. உட்சன் என்பவர் 1875இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கருப்பின மக்கள். வறுமையால் அவர் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கி வேலை செய்தார். அங்கே எழுத்தறியாத ஒரு முதிய தொழிலாளி தம் இல்லத்தில் நூல்களையும் நாளிதழ்களையும் சேர்த்து வைத்திருந்தார். மாலையில் சுரங்கத்தினின்று மேலே வந்த தொழிலாளர் அங்கே கூடுவர். இளைஞர் உட்சன் அவர்களுக்குப் படித்துக் காட்டுவார். கேட்டவர்கள் வாதிடுவார்கள். இருபது வயதில்தான் அவரால் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. பின்னர்க் கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியில் படித்து 1903இல் பட்டம் பெற்றார்.

அந்தப் பெரியா கல்லூரியைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்பார் 1855இல் அதனை நிறுவினார். மலையும் சுரங்கமுமாகக் கிடந்த ஏழை நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்காக அது நடந்தது. வெள்ளையரும் கருப்பரும், ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து படித்தார்கள். பல்கலைக் கல்வி அளிக்கும் கல்லூரிதான். ஆனால் 1892ஆம் ஆண்டு முதல் இன்று வரை மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதற்கு மாறாக ஒவ்வொரு மாணவரும் வாரத்தில் சில மணி நேரம் கல்லூரியிலேயே ஏதேனும் ஒரு வேலை செய்தாக வேண்டும். சமையற்கூடமோ தச்சுப்பட்டறையோ அலுவலகமோ, யாருக்கும் விலக்கில்லை. உட்சன் பட்டம் பெற்ற அடுத்த ஆண்டே, 1904இல், கென்டக்கி அரசு வெள்ளையரும் கருப்பரும் ஒன்றாகப் படித்தலைச் சட்டத்தால் தடுத்தது. கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை சென்று 1908இல் தோற்றது. 1950இல்தான் கருப்பின மாணவர் மீண்டும் உள்ளே வர முடிந்தது. ஒன்றாக உண்டு ஒன்றாகப் படித்தலை ஆள்வோர் ஏன் அஞ்சினார்கள் என்பதை நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டா.

உட்சன் 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். தம் மக்களுக்கு வரலாறே இல்லை என்று கற்பிக்கப்பட்ட நாட்டில், 1915இல் அவ்வரலாற்றை ஆராய ஒரு கழகத்தை நிறுவினார். 1926இல் கருப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஒரு மாதமாக வளர்ந்து அந்நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. சுரங்கத்தில் இறங்கியவர் வரலாறு படித்து என்ன செய்தார் என்று கேட்டால், இதைச் செய்தார்.

1926 என்னும் ஆண்டை யாம் படித்தபோது எமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914இல் மறைந்த பின்னர் நின்றுபோய், இதே 1926ஆம் ஆண்டில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு நம் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சாக்கிய பௌத்த சங்கத்தார் கூடினார்கள். வரலாறும் சமயமும் மொழியும் அரசியலும் அங்கே பேசப்பட்டன. பகலெல்லாம் பாறை உடைத்தவர் இரவில் வாதம் செய்தார். அவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இடம் தரவில்லை. தாங்களே ஒன்றைத் திண்ணையில் நடத்திக்கொண்டார்கள். ஆகவே அப்பெண் கேட்பது இவ்வூருக்குப் புதியதன்று. அவளுடைய பாட்டனார் காலத்துச் சொத்தையே அவள் கேட்கிறாள்.

டாக்டர் அம்பேத்கர் அவர்களையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றவர் பொருளியலில் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவரோ பொருளியலில் 29 பாடங்களோடு, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 என்று தேடித் தேடிப் படித்தார். சட்ட நூலை மட்டும் படித்தவராக அவர் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்த அரசியலமைப்பு வேறாக இருந்திருக்கும். பின்னர்த் தாமே 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, அதனைக் கலையும் அறிவியலும் கற்பிக்கும் கல்லூரியாகவே அமைத்தார். தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்றை மட்டும் ஏழைகளுக்கு ஒதுக்கிவிட்டு அவர் நிறைவடையவில்லை.

இனி, இன்று நம் பிள்ளைகள் எங்கே செல்ல முடியும் என்பதற்கு வருவோம்.

நமக்கு மிக அண்மையில் இருப்பது சர்ச்சாப்பூருக்கு அருகே உள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். இங்கிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லை. கருநாடக அரசின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. இலாப நோக்கமற்ற தனியார் அறக்கொடையால் நடப்பது. 2011இல் முதுகலை வகுப்புகளையும் 2015இல் இளங்கலை வகுப்புகளையும் தொடங்கி, 2021இல் இப்போதுள்ள வளாகத்திற்கு வந்தது. வரலாறு, பொருளியல், ஆங்கிலம், மெய்யியல், கணிதம், இயற்பியல், உயிரியல் முதலிய துறைகள் உள்ளன. அறிவியல் பட்டத்தையும் ஆசிரியப் பயிற்சியையும் இணைத்துப் பெறும் படிப்பும் உண்டு. எத்துறையில் சேர்ந்தாலும் இந்திய நாட்டையும் சமூகத்தையும் அறிந்துகொள்ளும் பொதுப் பாடங்களைப் படிக்க வேண்டும் என்பது அங்குள்ள முறைகளுள் எமக்கு மிகவும் பிடித்தது. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைத்து மாணவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கட்டணத்தைக் கேட்டால் நம்மவர் திகைப்பர். யாமும் திகைத்தோம். ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து, கல்விக் கட்டணத்திலும் விடுதிச் செலவிலும் உணவுச் செலவிலும் ஒரு பகுதியையோ முழுவதையுமோ பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. இதை அறியாமல் கட்டணப் பட்டியலைப் பார்த்த அளவிலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள். அரியானாவின் சோனிப்பட்டில் 2014இல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகமும், ஆந்திரத்து ஸ்ரீ சிட்டியில் 2018இல் நிறுவப்பட்ட கிரியா பல்கலைக்கழகமும் இதே வகையின. அவற்றிலும் தேவை கருதிய உதவி உண்டு. எனினும் கட்டணம் ஆண்டுக்குப் பல இலட்சம் ஆகையால், உதவி எவ்வளவு என்பதை எழுத்தில் பெறாமல் ஒரு பைசாவும் கட்ட வேண்டா என்று கண்டிப்பாகச் சொல்லுவோம்.

தமிழ்நாட்டுப் பழங்கல்லூரிகளையும் மறந்துவிடலாகாது. புதிய பெயரில் இன்று பேசப்படுவதைப் பெயர் சொல்லாமலேயே நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்துவருபவை அவை. மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881இல் தோன்றியது. 1837இல் பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்து, சேலையூர் விடுதி, புனித தாமசு விடுதி, பிஷப் ஹீபர் விடுதி என மாணவர் இல்லங்களை வகுப்பறைக்கு நிகராக மதித்து வளர்த்தது. இரண்டும் 1978இல் தன்னாட்சி பெற்றவை. இவற்றில் செலவும் குறைவு.

நம் தங்கவயலிலேயே அரசு முதல்தரக் கல்லூரி இருக்கிறது. அதனைத் தாழ்வாகப் பேசுவோரோடு எமக்கு உடன்பாடில்லை. கருநாடக அரசு 2021இல் நான்காண்டுப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்து 2024இல் மீண்டும் மூன்றாண்டுக்கே திரும்பியது; இந்த மாற்றங்களுக்கிடையே நம் பிள்ளைகளைக் கைவிடாமல் நடத்திச் செல்லும் ஆசிரியர்கள் பாராட்டுக்குரியவர்கள். வெளியூர் செல்ல இயலாதவர் அங்கே படித்துக்கொண்டே நூலகத்தைத் தம் பல்கலைக்கழகமாக்கிக்கொள்ளலாம்.

விடுதி வாழ்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் தாய்மார்களின் அச்சம் பாடத்தைப் பற்றியதைவிட அதைப் பற்றியதே. நம் ஊரிலிருந்து இத்தகைய ஒரு பல்கலைக்கழகத்திற்குச் சென்று படித்துவரும் ஒரு மாணவியை யாம் அழைத்துப் பேசினோம். பெயரைச் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டாள். முதல் மூன்று மாதங்கள் வகுப்பில் வாய் திறக்கவில்லையாம். மற்றவர் பேசும் ஆங்கிலம் காற்றைப் போல் விரைந்து சென்றதாம். இரவில் அழுதிருக்கிறாள். ஒருநாள் உணவுக் கூடத்தில் ஒரே மேசையில் அசாமியப் பெண்ணும், பீகாரி இளைஞனும், மலையாளப் பெண்ணும் இவளோடு அமர்ந்திருந்தார்கள். அவரவர் ஊர்க் கதையைச் சொல்லும் முறை வந்தபோது இவள் லைன் வீடுகளைப் பற்றிச் சொன்னாள். ஒரே வரிசையில் தமிழரும் தெலுங்கரும் கன்னடரும், ஒரு குழாயடி, ஒரு வீட்டில் சாவு என்றால் வரிசை முழுவதும் அடுப்பு மூட்டாத வழக்கம். பாட்டனார் கூண்டில் இறங்கிய கதை. மேசையில் யாரும் எழுந்திருக்கவில்லையாம். மறுவாரம் ஆசிரியர் அதையே கட்டுரையாக எழுதுமாறு சொன்னார். அவள் எழுதிய முதல் நல்ல கட்டுரை அதுதான் என்று சொல்லிச் சிரித்தாள்.

இதைக் கேட்டபோது எமக்கு ஒன்று புலனாயிற்று. நம் பிள்ளைகள் அங்கே வெறுங்கையோடு செல்லவில்லை. நகரத்து மாளிகையில் ஒரே மொழியோடு வளர்ந்த பிள்ளைக்கு, நான்கு மொழி பேசுவோரோடு ஒரு சுவரைப் பகிர்ந்து வாழ்தல் புதிய பாடம். நம் பிள்ளைக்கு அது பிறந்த வீடு. நாடகம், இசை, மாணவர் மன்றம், உணவுக் குழு, மாலை விளையாட்டு என்று அங்கே நடப்பனவற்றுள் பெரும்பாலானவை நாம் தெருத்தோறும் திருவிழாவிலும் கால்பந்தாட்டத்திலும் செய்துவந்தவையே. குறையும் உண்டு. பணக்காரப் பிள்ளைகளின் செலவைக் கண்டு நம் பிள்ளை கூசும். சாதியை நேரே கேட்காமல் வேறு வழியாகக் கேட்பவர்கள் அங்கும் இருப்பார்கள். அப்போது உடன் நிற்க நண்பர் வேண்டும், ஆசிரியர் வேண்டும்; வாரந்தோறும் ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் வேண்டும்.

“சோறு போடுமா?” என்ற வினாவிற்கு இன்னும் நேராக விடை கூறவில்லை. கூறுகிறோம். உடனே போடாது. பொறியியல் முடித்து நல்ல கம்பெனியில் இடம் பிடித்தவனுக்கு முதல் மாதமே கிடைக்கும் ஊதியம், வரலாறு படித்தவளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஓரிரு ஆண்டுகள் பொறுக்க வேண்டும், மேற்படிப்பும் வேண்டியிருக்கலாம். ஆனால் வாயில்கள் பல. இந்திய ஆட்சிப் பணித் தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும். வங்கித் தேர்வுகளுக்கும் பெரும்பாலும் அவ்வாறே. எப்பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். பி.எட். முடித்தால் ஆசிரியப் பணி. இதழ்த்துறை, மொழிபெயர்ப்பு, ஆவணக் காப்பகம், கல்விக்கும் சுகாதாரத்திற்கும் உழைக்கும் தொண்டு நிறுவனங்கள் ஆகியவை, தெளிவாக எழுதவும் மக்களோடு பழகவும் தெரிந்தவரைத் தேடுகின்றன. ஒரு வாயில் அடைபட்டால் மற்றொன்றைத் தட்டும் ஆற்றல் இப்படிப்பில் கிடைக்கிறது. நம் தந்தையர்க்கு 2001இல் இல்லாதது அதுவே.

இன்னொரு செய்தி. இவ்வகைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு பி.யூ.சி. தேர்வு முடிவு வரும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். முந்திய ஆண்டின் பிற்பகுதியிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடுகிறது. அவ்வன்னையார் மே மாதத்தில் வந்தபோது அப்பெண் விரும்பிய இடத்தில் வாயில் ஏறத்தாழ அடைபட்டிருந்தது. அதை அறிந்து சொல்ல அன்று எம்மிடம் ஒருவரும் இல்லை. சங்கத்தின் குறைதான் அது. அவள் இப்போது இங்குள்ள கல்லூரியிலேயே பி.ஏ. முதலாண்டில் வரலாறு படிக்கிறாள். வரும் பருவத்தில் மீண்டும் விண்ணப்பிக்க இருக்கிறாள்.

ஆகையால் சங்கத்தின் கல்விக் குழு ஒரு முடிவு செய்திருக்கிறது. வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தின் மாடி அறை திறந்திருக்கும். பி.யூ.சி. இரண்டாமாண்டு படிக்கும் பிள்ளைகள் எவரும் வரலாம். தமிழர் பிள்ளைகள்தாம் வர வேண்டும் என்பதில்லை. நுழைவுத் தேர்வுக்கு வேண்டிய ஆங்கில வாசிப்பு, தருக்கம், எண்ணறிவு ஆகியவற்றில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவர் பயிற்சி தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். யாம் மேலே குறிப்பிட்ட மாணவி விடுமுறையில் வந்து நேர்காணலுக்குப் பழக்குவாள். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று: நாட கச்சேரிக்குச் சென்று வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் அலைய வேண்டா. விண்ணப்பக் கட்டணமும் நேர்காணலுக்குச் சென்றுவரும் வண்டிச் செலவும் கொடுக்க இயலாதவர்க்குச் சங்க நிதியிலிருந்து கொடுப்போம். இவ்வாண்டு மலர் விளம்பரத்தில் எஞ்சிய தொகை அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கிடங்கில் காவல் புரியும் அத்தம்பிக்கும் சொல்லியனுப்பியிருக்கிறோம். கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க அவனைவிடச் சிறந்தவர் எம் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவுப் பணி முடிந்து முதல் வண்டியில் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.